காது கிழிந்த ஆடும் நன்றியக்காவும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் வலைபோட்டுத் தேடினாலும், நன்றி சொல்லத் தெரிந்த மனுசி ஒரேயொருவர்தான் அகப்படுவார். அவர் நன்றியக்கா. மற்றவர்கள் எல்லோரும், என்னையும் சேர்த்து, பல்லைக் காட்டத் தெரிந்தவர்கள்.

அவருடைய சொந்தப் பெயர் கிராம சேவகரின் பதிவேட்டில் இருக்கக்கூடும். ஊரில் யாரும் அதைப் பாவித்ததில்லை. படுவான்கரையில், வாவியை ஒட்டிய ஒரு சிற்றூரில், இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தாங்கு வலையைத் தள்ளி இறால் பிடித்து விற்றுச் சீவிக்கிறவர். புருசன் இருந்தார். இருந்தார் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் அக்காவே பேசிவிடுவார்.

அவருக்கு ஒரு கொள்கை. கிடைத்ததைக் கிடைத்தபடியே சொல்லி நன்றி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "சொல்லாத நன்றி தலையில ஏறி இருந்துடும் தம்பி. மறுகா இறக்கேலாது" என்பார்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தால், கையைக் கழுவிவிட்டு நேரே சமையல்காரரிடம் போய் நிற்பார். "சோறு நல்லம். கத்தரிக்காய் நல்லம். சொதிக்கு உப்பு இல்ல. அத நான் ஒருத்தருக்கும் சொல்லாமத் தின்டன். நன்றி" என்பார். பந்தியில் இருக்கிற நூறு பேருக்கும் கேட்கும். பஸ் கொண்டக்டர் ஒருவரை வழிமறித்து, "நேத்து இறங்கவேண்டிய இடத்துக்கு அங்கால கொண்டுபோய் இறக்கினீங்க. நடந்து வந்ததால வழியில மாமிட வீட்டையும் பாத்துட்டு வந்தன். நன்றி" என்றாராம். அதற்குப் பிறகு அந்த பஸ் அவருடைய படலைக்கு நேரே நிற்கத் தொடங்கியது.

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கலை அவருக்குத் தெரியாது. குறை சொல்வது மரியாதையில்லை என்று உண்மையாகவே நம்பிய மனுசி அவர்.

சில வருடங்களுக்கு முன்வரை நான் வாவிக்கு அக்கரையில், பட்டினப் பக்கமான புளியந்தீவில் ஒரு உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். கடல் கடந்த நாடொன்றின் அரசாங்கம் எங்கள் சனங்களுக்காக நடத்திய திட்டம் அது. வெள்ளம் வந்தால் பருப்பு, வெள்ளம் வடிந்தால் ஆடு. அதன் மாவட்ட இணைப்பாளர் வெள்ளத்தை வாகனக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்தில் இருந்து மட்டுமே பார்த்தவர். பசியைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குவார். பிறகு கட்லட் வரும். அந்த அலுவலகத்தில் நான் தின்ற கட்லட்டுகளைவிட, 'மனிதாபிமானம்' என்ற சொல்லை மொழிபெயர்த்த தடவைகள்தான் அதிகம்.

எங்கள் விழாக்களுக்கு ஒரு முறை உண்டு. விளக்கேற்றுவது, மாலை போடுவது, உரைகள், பொருள் கையளிப்பு. கடைசியாகப் பயனாளி ஒருவரின் நன்றியுரை. அந்த உரையை நாங்களே எழுதிக் கொடுப்போம். 'எங்கள் கண்ணீரைத் துடைத்த கரங்களுக்கு' என்று தொடங்கும். எழுதியவன் நான். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு வெள்ள நிவாரண விழாவில், உரையைப் பாடமாக்கி வந்த பெண்ணுக்குக் காய்ச்சல். கிராம சேவகர் அவசரத்தில் நன்றியக்காவை மேடையில் ஏற்றிவிட்டார். அவர் நான் எழுதிய தாளை வாங்கி, நாலாக மடித்து, வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேசினார்.

"பருப்புத் தந்தீங்க. நல்ல பருப்பு. அதுக்குள்ள வண்டும் இருந்திச்சு. நாங்க புடைச்சுப் போட்டுட்டுப் பருப்பைக் காச்சினம். வண்டைக் கோழி தின்டிச்சு. எங்கட நன்றியும் கோழிட நன்றியும்."

முன்வரிசையில் இருந்த வெளிநாட்டு விருந்தாளி என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பருப்பில் ஒரு உயிரோட்டம் இருந்ததாகச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். விருந்தாளி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு பிடித்தது சனியன். வருகிற வெளிநாட்டுக்காரர் எல்லோரும் அந்த அம்மா பேச வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். இணைப்பாளர் அவரைக் கூப்பிட்டு வைத்துக் கெஞ்சினார்.

"அக்கா, பொதுவா ஒரு நன்றியச் சொல்லிட்டு இருங்க. விவரம் தேவையில்ல."

"பொதுவா எப்பிடி சேர் நன்றி சொல்ற? நீங்க பொதுவாவா தந்தீங்க?"

 அக்கா ஒவ்வொரு விழாவிலும் விவரமாகப் பேசினார். நான் ஒவ்வொரு விழாவிலும் விவரமாகப் பொய் சொன்னேன். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது.

பிறகு ஆட்டுத் திட்டம் வந்தது. முதலில் அக்காவின் ஊரில், பன்னிரண்டு பெண்களுக்குப் பன்னிரண்டு ஆடுகள். காலையில் கழுத்தில் ரிபன் கட்டி, ஒவ்வொருவர் கையிலும் கயிற்றைக் கொடுத்துப் படம் எடுத்தோம். பின்னேரம் அதே வான் திரும்பி வந்தது. ஆடுகளுக்கு ஊசி போட வேண்டும் என்று சொல்லி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊசி போடப் போன ஆடுகள் அடுத்த கிழமை இன்னொரு ஊரில், அதே ரிபனோடு, வேறு பன்னிரண்டு பெண்களின் கையில் நின்றன. அதற்கடுத்த கிழமை மற்றோர் ஊரில்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதில் ஒன்றுக்கு இடது காது கிழிந்திருந்தது. நன்றியக்காவின் கையில் கொடுத்த ஆடு அதுதான். நாலாவது ஊருக்குப் போகும்போது அது தேர்ந்துவிட்டது. கமராவைக் கண்டால் தானாகத் தலையைத் தூக்கும். விருந்தாளி பேசும்போது கத்தாது. எங்கள் அலுவலகத்தில் அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்த வேறு ஆளில்லை. சுற்றுலா முடிந்ததும் ஆடுகள் கிரான் என்ற ஊரில், இணைப்பாளருடைய மச்சினனின் வளவில் போய்ச் சேர்ந்தன. இதெல்லாம் தெரிந்தும் நான் மாதம் முடிய அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நன்றியக்கா மட்டும் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பார். "தம்பி, ஊசி போட்டு முடிஞ்சுதா? ஆடு வந்தாத்தான் நான் எப்பிடி நன்றி சொல்ற எண்டு யோசிக்கலாம்."

"வரும் அக்கா" என்பேன்.

இந்த நேரத்தில் உதவி தந்த நாட்டின் பத்திரிகைகளில் கதை வந்துவிட்டது. தங்கள் வரிப்பணம் தூர தேசத்தில் காணாமல் போகிறது என்று அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் சத்தம். விசாரிக்க ஒரு பெண் அதிகாரியை அனுப்பினார்கள். இங்கே தேர்தலும் கிட்ட இருந்தது. எனவே, ஆடுகள் கத்திய காலத்தில் காது கேளாமல் இருந்த நமது அரசியல்வாதிகளுக்குத் திடீரென்று காது திறந்தது. அக்காவின் ஊர்ப் பல்நோக்கு மண்டபத்தில் பகிரங்க விவாதம் என்று அறிவித்தார்கள்.

ஆளும் தரப்பிலிருந்து வந்தவர் அந்த வெக்கையிலும் கோட்டுப் போட்டிருந்தார். எதிர்த் தரப்பிலிருந்து வந்தவர் பட்டு வேட்டி. நடுவில் இணைப்பாளர், இரண்டு பேருக்கும் சமமாக இளநீர் வெட்டுவித்துக்கொண்டு. ஓரத்தில் அந்த அதிகாரியும் அவருக்குப் பக்கத்தில் நானும்.

"ஏழைகளின்ட வாயில இருந்து பறிச்சுத் தின்டவங்க இவங்க" என்று தொடங்கினார் கோட்டுக்காரர்.

"தின்டது நாங்களா? தட்டு இன்னும் உங்கட கையிலதான் இருக்கு" என்றார் வேட்டிக்காரர்.

"தொடங்கி வெச்சது உங்கட ஆட்சி."

"முடிச்சுத் தின்டது உங்கட ஆட்சி."

இரண்டு மணித்தியாலம் இதுதான். யார் முதலில் தின்றது, யார் கூடத் தின்றது. இடையில் கோட்டுக்காரர், வெளிநாட்டு உதவியே ஒரு சதி என்றார். வேட்டிக்காரர், அந்தச் சதியில் தங்கள் பகுதிக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்றார். இருவரும் 'இந்தத் தாய்மார்' என்று கையை நீட்டிய ஒவ்வொரு தடவையும் அந்தத் தாய்மார் யாரைக் காட்டுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஆடு என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அதிகாரி தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் ஏன் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். ஊழலை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம் என்றேன்.

விவாதம் முடிந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அதிகாரி எழவில்லை. நன்றியுரை சொல்லும் ஒரு அம்மா இருக்கிறாராமே, அவரைக் கேட்க வேண்டும் என்றார். இணைப்பாளரின் முகம் வெட்டிப் போட்ட இளநீர்க் கோம்பை மாதிரி வெளிறிப் போனது. அவர் வாயைத் திறக்குமுன் நன்றியக்கா மேடையில் நின்றார்.

"காலையில ஆடு தந்தீங்க. நன்றி. படம் எடுத்தீங்க. நன்றி. பின்னேரம் ஆட்டைக் கொண்டுபோனீங்க. என்ட வளவில அது அரைநாள் நின்டது. முருங்கை இலை குடுத்தன், தின்டது. ஆட்டுக்கும் நன்றி."

மண்டபத்தில் சிரிப்பு. கோட்டுக்காரரும் சிரித்தார். இது எதிர்த் தரப்பின் காலத்து ஆடு என்று நினைத்தாரோ என்னவோ.

"என்ட தங்கச்சி கிரான்ல சமைக்கப் போறவ. வெள்ளாமை வெட்டி முடிஞ்ச கையோட இணைப்பாளர் சேர்ட மச்சினன் வீட்டுல ஒரு விருந்து நடந்திச்சு. அவதான் சமைச்சவ. காது கிழிஞ்ச ஆடு எண்டு சொன்னா. அப்பதான் எனக்குத் தெரியும் அது எங்க போன எண்டு. தெரியப்படுத்தின தங்கச்சிக்கு நன்றி."

சிரிப்பு நின்றது.

"ரெண்டு ஐயாமாரும் அங்க பக்கத்துல பக்கத்துல இருந்துதான் தின்டீங்களாம். கோட்டுப் போட்ட ஐயா ஈரல் கேட்டாராம். வேட்டி உடுத்த ஐயா தன்ட பங்கு ஈரலையும் எடுத்து அவருக்கு வெச்சாராம். கட்சி வேறயா இருந்தாலும் என்ட ஆடு உங்கள ஒற்றுமையா இருத்தினதுல எனக்குச் சந்தோசம். இப்ப ரெண்டு மணித்தியாலமா யார் தின்டது எண்டு கேட்டுக்கொண்டு இருக்கீங்க. மறந்திருப்பீங்க எண்டுதான் சொல்றன். ரெண்டு பேரும்தான் தின்டீங்க. கறிக்கு உறைப்புக் காணாது எண்டீங்களாம். அதுக்குத் தங்கச்சி மன்னிப்புக் கேக்கச் சொன்னவ. நன்றி, வணக்கம்."

கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்த் தன் இடத்தில் இருந்துகொண்டார். மண்டபத்துக்குள் ஒரு காகம் வந்து இளநீர்க் கோம்பையைக் கொத்தியது. 

அதிகாரி என் பக்கம் திரும்பி, என்ன சொன்னார் என்று கேட்டார்.

இணைப்பாளர் பின்னாலிருந்து குனிந்து என் காதுக்குள் சொன்னார். "பொதுவா நன்றி சொன்னா எண்டு சொல்லு தம்பி. உன்ட வேலைய யோசி."

யோசித்தேன். அந்த வேலையைக் காட்டித்தான் பெண் எடுத்திருந்தேன். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வாய்க்குள் அந்தப் பழைய பொய் தயாராக, சூடாக, வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். நன்றியக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. இத்தனை வருடமும் அவர் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன் என்றுதான் அந்த மனுசி நம்பியிருந்தார் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். ரிபன், வான், முருங்கை இலை, தங்கச்சி. ஈரலுக்கு வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் சொன்னேன். உறைப்புக் காணாது என்றதையும் விடவில்லை. அதிகாரி எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடினார். அவர் கண்ணைத் துடைக்கவில்லை.

நீதி வென்றது என்று எழுதினால் இந்தப் பத்தி அழகாக முடியும். நடந்தது வேறு. திட்டத்தை நிறுத்தினார்கள். என்னையும் வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இணைப்பாளர் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து, 'வெளிப்படைத்தன்மை' பற்றி அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்வி. வேட்டிக்காரர் தான் பிறந்ததிலிருந்தே சைவம் என்று அறிக்கை விட்டார். கோட்டுக்காரர் அன்று தின்றது கோழி என்றார். அடுத்த தேர்தலில் இருவரும் ஒரே மேடையில் நின்று, ஊழலை ஒழிப்போம் என்று கைகளைக் கோத்து உயர்த்தினார்கள்.

திட்டம் நின்றதற்கு ஊரும் நன்றியக்காவைத்தான் ஏசியது. "உன்ட வாயால வாற பருப்பும் நின்டு போச்சுகா" என்று பக்கத்து வீட்டுக்காரி அவர் முகத்தைப் பார்க்காமல் திரிந்தாள். கொஞ்சக் காலம் அவரிடம் யாரும் இறால் வாங்கவில்லை. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. விலைப்படாத இறாலைப் புருசனோடு இருந்து தானே காய்ச்சித் தின்றார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் கிரான் பக்கமிருந்து ஒரு வான் வந்து, அக்காவின் ஊர்க் கோயில் முன்னால் ஆடுகளை இறக்கிவிட்டு ஓட்டமாய் ஓடிப்போனது. விசாரணை தன் வளவுக்கும் வரும் என்று மச்சினன் பயந்துவிட்டான். எண்ணிப் பார்த்தார்கள். பதினொன்று. காணாமல் போனது யாருடைய ஆடு என்று யாரும் கேட்கவில்லை. பதினொரு பெண்கள் பதினொரு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தியும் நன்றியக்காவிடம் ஒரு நன்றி சொல்லவில்லை.

நானும்தான் சொல்லவில்லை. பாலத்தைக் கடந்து அவருடைய ஊருக்குப் பலமுறை போயிருக்கிறேன். அவர் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரிடம் ஒரு கிலோ இறால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். என் வீட்டில் யாருக்கும் இறால் ஒத்துக்கொள்ளாது. எனக்கு அதைத் தொட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும்.