ரைஸ் குக்கருக்கு வைஃபை கொடுத்த கதை

தப்புச் செய்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது.

பல்கலைக்கழக விடுதியில் எனக்கு அறை கிடைத்ததே தவமிருந்து பெற்ற வரம். வீடு ஆங் மோ கியோவில், போய்வரும் தூரம். விதியை மீறினால் முதலில் துரத்துவது எங்களைப் போன்றவர்களைத்தான். துரத்தினால் மறுபடி அக்காவோடு ஒரே அறை. அவள் குறட்டைக்கு மேல்மாடிக்காரரே வந்து கதவைத் தட்டியிருக்கிறார் (சத்தியமாக!).

அறையில் சமைக்கத் தடை. அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு தடையா? தேக்கா கடைத்தெருவில் குக்கர் வாங்கி, துவைத்த துணிகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார்.

"இது வைஃபை குக்கர்லா. அரிசியும் தண்ணியும் போட்டுட்டு நீ கிளாஸுக்குப் போ. நான் வீட்லேருந்தே போன்ல ஆன் பண்ணிடுறேன்."

குக்கர் விடுதி வைஃபையில் சேர மறுத்தது. திரை இல்லாத சாதனங்களை விடுதியின் இணையப் பக்கத்தில் பதிய வேண்டுமாம். பதிந்தேன். சாதனம்: ரைஸ் குக்கர். இடம்: என் அறை எண். பயன்பாடு: சோறு ஆக்க. (பொய்த்தகவல் தருவது குற்றம் என்று கீழே போட்டிருந்தது. பயந்துவிட்டேன்.)

மறுநாள் காலை, அரிசியைப் போட்டு ப்ளக்கைச் சொருகிய நேரத்தில் விடுதி அதிகாரி குணா சார் கதவைத் தட்டினார். குக்கர்மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டுத் திறந்தேன்.

"ரூம்ல குக்கர் ஏதும் வெச்சிருக்கியாம்மா?"

"குக்கரா? ஐயையோ, எனக்குச் சமைக்கவே தெரியாது சார்!"

(இரண்டாவது பாதி உண்மை.)

அந்த நேரம் பார்த்து ஆங் மோ கியோவில் என்னைப் பெற்ற தெய்வம் பொத்தானை அமுக்கியது. போர்வைக்குள்ளிருந்து ஒரு மெட்டு. அதைத் தொடர்ந்து குக்கருக்குள்ளிருந்தே ஒரு சீன அம்மணி, சமையல் தொடங்கிவிட்டதைக் கணீரென்று அறிவித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

குணா சாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யாரும் போட்டுக்கொடுக்கலம்மா. நீயேதான் எழுதிக் கொடுத்திருக்கே," என்று போனில் என் பதிவைக் காட்டினார். "ஃபயர் சேஃப்டி விஷயம். என்னால ஒண்ணும் செய்ய முடியாதுலா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது தவளை, பாவம். எனக்கு என்ன கேடு?

வார இறுதிக்குள் பெட்டியும் குக்கருமாக வீடு வந்து சேர்ந்தேன். அம்மாவுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. "நல்லதாப் போச்சு, இனிமே சூடாச் சாப்பிடலாம்" என்றார்.

வருடங்கள் கழித்து, என் திருமணத்தன்று அம்மா மாப்பிள்ளையைத் தனியே அழைத்துப் போனார். பெண்ணைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லப்போகிறார் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"தம்பி, எதையாச்சும் மறைக்கணும்னா இவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ரெஜிஸ்டர் பண்ணிடுவா."

அந்த மனிதர் இன்றுவரை என்னிடம் எதையும் சொல்வதில்லை.