ஒன்பது பழைய போன்களும் நம் கடை அண்டாக்களும்

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி தௌஹீத் அவர்களுக்கு,

அண்ணி மெஹ்ஜபீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே நானும் நம் வாடகைப் பாத்திரக் கடையும் நலம். வேலூரில் நீங்களும் ரூபீனாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

பழைய பட்டன் போன்களைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, கடைக்கு ஒரு மேனேஜரை வைத்து, அண்ணியை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பேசி முடிப்போம் என்று எழுதியிருந்தீர்கள். போனையும் என்னையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருந்ததைக் கவனித்தேன். ஆகவே இரண்டைப் பற்றியும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்கிறவர்கள் நம்மிடம்தான் அண்டா எடுக்கிறார்கள். சாதம் தீர்ந்ததும் அவர்கள் ஊரைப் பார்த்துப் போய்விடுவார்கள், அண்டா ஏதாவது ஒரு சுவரோரம் உட்கார்ந்திருக்கும், டிரைவர் கோபி வேனை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றிச் சுற்றி வருவார், அப்படியும் ஒன்றிரண்டு காணாமல் போகும். உங்கள் அண்ணன் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். பணியாளர்கள் எல்லாரும் புது போனுக்கு மாறியதும் அவர்களுடைய பழைய போன்கள் பதினொன்று மேசையில் குவிந்தன. பேட்டரி உப்பிய இரண்டை முறையாக மின்கழிவு எடுப்பவர்களிடம் அனுப்பிவிட்டு, மற்ற ஒன்பதில் இருந்த செய்திகளை அழித்தேன். படிக்காமல் எப்படி அழிப்பது? ஒரே புளியமரத்தடியில் நம் வேன் ஏழு முறை பஞ்சர் ஆகியிருப்பதை அப்போதுதான் அறிந்தேன். ஒவ்வொரு போனிலும் ஒரு மலிவு சிம் போட்டு, ஒன்றாம் எண்ணை அழுத்தினால் கடைக்கு வருகிற மாதிரி வைத்து, துணிப்பையில் போட்டு, அண்டாவுக்கு ஒன்றாக அனுப்பினேன். வேலை முடிந்ததும் அழுத்தினால் வண்டி வரும். கான்வென்ட்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த கையெழுத்தில் ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு.

முதல் பௌர்ணமியன்று நடந்ததை மறைக்கப் போவதில்லை. அன்னதானத்துக்கு அண்டா எடுத்திருந்த கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம் ஆட்டோ பிடித்துக் கடைக்கே வந்தார். "அம்மா, போன் பத்திரமா கொண்டாந்துட்டேங்க, ஒரு கீறல் இல்ல, பாத்துக்குங்க" என்றார். அண்டா எங்கே என்றேன். "அது அங்கதாங்க ரோட்டோரம் இருக்குது. அத யாரு தூக்கினு போவப் போறாங்க" என்றார். அன்றைக்கு ஒன்பது போனும் வந்து சேர்ந்தன, அண்டா ஐந்துதான் வந்தது. மூட்டை ஏற்றும் கருப்பன் என் காதில் விழும்படியே, "அடுத்த வாட்டி போனை அனுப்பிட்டு அண்டாவ நம்மகிட்டயே வெச்சுக்கலாம்" என்றார்.

நான் மனம் தளர்பவள் அல்ல. இந்த முறை, அவர்கள் அழைக்கட்டும் என்று காத்திருக்காமல், மாலை நாலு மணியிலிருந்து நானே வரிசையாக அண்டாக்களுக்குப் போன் செய்தேன். மூன்றாவது அண்டாவில் யாரோ ஒருவர் எடுத்தார்.

"யாருங்க?"

"அண்டாவுக்குச் சொந்தக்காரி பேசறேன். அது எங்க இருக்கு?"

"அடி அண்ணாமலைங்க. நான் சும்மா வரிசையில நிக்கிறவன், பை அடிச்சுது, எடுத்துட்டேன். அண்டா நல்லா இருக்குதுங்க."

"உள்ள என்ன இருக்கு?"

"புளிசாதம். கம்மியாத்தான் இருக்குது. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

"தீர்ந்ததும் ஒண்ணாம் நம்பரை அழுத்துங்க. அதுவரைக்கும் அங்கேயே நில்லுங்க."

"நான் கிரிவலம் முடிக்கணுமேங்க."

"அண்டா ஏறினதும் முடிக்கலாம்."

நின்றார் தம்பி. வண்டி வந்ததும் அவரே ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டாராம். அன்று ஒன்பது அண்டா அனுப்பினோம், பத்து வந்தது. பத்தாவது பக்கத்துத் தெருக் கடையுடையது. பேர் பார்த்துத் திருப்பி அனுப்பினேன், எப்படி எடுத்துவர வேண்டும் என்ற குறிப்போடு. இத்தனை வருடத்தில் ஒரு அண்டாகூடக் குறையாத முதல் பௌர்ணமி இது. அதற்குக் காரணம் நீங்கள் காயலான் கடைக்குப் போடச் சொன்ன ஒன்பது போன்களும், வீட்டுக்குப் போகச் சொன்ன ஒரு அண்ணியும்.

இருந்தாலும் நீங்கள் கடையில் சரிபாதிப் பங்குதாரர். மூத்தவள் என்று வற்புறுத்துவது என் வளர்ப்பில் இல்லை. வெள்ளிக்கிழமை வாருங்கள். போன்கள் இருப்பதா போவதா, நான் கல்லாவில் இருப்பதா மேனேஜர் இருப்பதா, எல்லாம் உங்கள் முடிவு. அதுவரை எதையும் தொடாமல் பொறுமையாகக் காத்திருப்பேன்.

ரூபீனாவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் ஆரோக்கியமும் பரக்கத்தும் பெருக என் துஆக்கள்.

இப்படிக்கு,
அண்ணி மெஹ்ஜபீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் காயலான் கடைக்காரர் வந்தார். அவரிடம் கிடந்த இருபது பட்டன் போன்களையும் நான் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைவரை பொறுக்காமல் நீங்கள் அனுப்பிய மேனேஜர் அன்பரசனும் இன்று காலையே வந்து சேர்ந்தார். எம்.பி.ஏ. படித்தவராம். இருபதுக்கும் சார்ஜ் போட்டுச் சீட்டு எழுத உட்கார வைத்திருக்கிறேன். கையெழுத்து சுமார்தான், திருத்திவிடலாம். வெள்ளிக்கிழமை உங்களுக்கு நேரம் இருந்தால், சாப்பிட மட்டும் வாருங்கள்.