எஸ்தர் அக்காவின் குயில் மணி

பேய் இல்லை என்று சொல்பவர்களில் இரண்டு வகை உண்டு. உண்மையிலேயே பயம் இல்லாதவர்கள் ஒரு வகை. எல்லா லைட்டையும் போட்டுக்கொண்டு சொல்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. இத்தனைக்கும் ஓய்வு பெறும்வரை தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். ரேடியோ அலை சுவரைத் தாண்டி எப்படிப் போகும் என்று கரும்பலகை நிறையப் படம் போட்டவன். (இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போகப்போவது இந்த இடத்தில்தான்.)

சேலையூரில் முதல் மாடி பிளாட். நானும் என் மனைவி மெர்சியும். எனக்கு பிபி, இடது காதில் மிஷின். அவளுக்குச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எங்கள் சாப்பாட்டு மேஜையில் இட்லித் தட்டு வைக்க மாத்திரை டப்பாக்களை ஒதுக்கி இடம் பண்ண வேண்டும். "மாத்திரை போட்டாச்சா?" என்று ஒருவரை ஒருவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, கேட்ட திருப்தியில் இருவருமே மறந்துவிடுவோம்.

மெர்சியின் மூத்த சகோதரி எஸ்தர் அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவர். கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். படுக்கையை விட்டு எழ முடியாது. அவருக்காக கேம்ப் ரோட்டில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் ஒயர் இல்லாத காலிங் பெல் வாங்கி வந்தேன். பொத்தான் அக்கா கையில். மணி ஹாலில், பிளக்கில் செருகியபடி. அழுத்தினால் குயில் கூவும். தண்ணீர் வேண்டுமா, போர்வை வேண்டுமா, மெர்சி மேல் கோபமா, எல்லாவற்றுக்கும் அதே குயில்தான்.

அக்கா இறந்தபோது பொத்தான் அவர் கைக்குள்ளேயே இருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் அதை எடுக்கப் போனேன். "விடுங்க. அது கையில இல்லன்னா தவிச்சுப் போயிடுவா" என்று மெர்சி அழுதாள். விட்டுவிட்டேன். பொத்தான் அக்காவோடு கல்லறைத் தோட்டத்தில் ஆறடிக்குக் கீழே போய்விட்டது. ஹாலில் இருந்த மணியைக் கழற்ற மட்டும் எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஹாலில் குயில் கூவியது.

மெர்சியின் கையில் இருந்த ரசக் கரண்டி அப்படியே நின்றது. நான் மெதுவாகத் திரும்பி அக்காவின் அறையைப் பார்த்தேன். காலிக் கட்டில். மடித்து வைத்த போர்வை. மறுபடி கூவியது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், பெரியம்மா மணி அடிக்கிது? பொத்தானத்தான் அவங்களோட பொதச்சிட்டீங்களே!"

"வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. செல்வி மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அதன் பிறகு குயில் தினமும் கூவியது. மருந்து வேளையில், காபி வேளையில், அதாவது அக்கா அடிக்கும் அதே வேளைகளில். கூவிய பிறகு வீட்டில் ஓர் அமைதி வரும் பாருங்கள், ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்கூட யாரோ மூச்சு விடுவது போலக் கேட்கும். நான் ஒரு விஞ்ஞான நடவடிக்கை எடுத்தேன். காது மிஷினைக் கழற்றி டிராயரில் வைத்தேன். "மணியா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்று ஆணித்தரமாகச் சொல்ல முடிந்தது.

மெர்சிக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. ஒருநாள் அமைதியாகச் சொன்னாள்.

"ஆபரேஷன் வேணாங்க. அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இப்பப் போய்ப் படுத்தேன்னா எழுந்திரிக்க மாட்டேன்."

சாப்பாடு குறைந்தது. சர்க்கரை ஏறியது. எனக்குப் பேய் பயம் போய் வேறு பயம் வந்தது. மெர்சி இல்லாத வீட்டில் நான் ஒருவன் உட்கார்ந்து யாரிடம் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பேன்? எங்கள் சபையின் பாஸ்டருக்குப் போன் செய்தேன். இளைஞர். உடனே வந்தார். மரியாதைக்குக் காது மிஷினை மாட்டிக்கொண்டேன்.

மூவரும் ஹாலில் கண்ணை மூடினோம். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்து இரண்டு வாக்கியம் போயிருக்காது, குயில் கூவியது. பாஸ்டர் குரலை உயர்த்தினார். குயிலும் விடவில்லை. மறுபடி, மறுபடி, மூச்சு விடாமல் கூவியது. அன்றுவரை அது இப்படிக் கூவியதே இல்லை. எனக்குள் எங்கிருந்தோ ஓர் ஆவேசம் வந்தது. "போ! இந்த வீட்டை விட்டுப் போ!" என்று கத்திக்கொண்டே மணியைப் பிளக்கிலிருந்து பிடுங்கினேன்.

சத்தம் நின்றது. "ஆமென்" என்றார் பாஸ்டர்.

அப்போது தரைக்கு அடியிலிருந்து, மெல்லியதாக, குயில் கூவியது.

மணி என் கையில் செத்த எலி மாதிரி கிடக்கிறது. குயில் மட்டும் கூவுகிறது, கீழேயிருந்து. நான் சோபா மேல் ஏறி நின்றேன். (பிபிக்காரன், ஸ்டூல் மேல்கூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.) பாஸ்டரும் எனக்குப் பக்கத்தில் ஏறியிருந்தார் என்பதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

மெர்சி மட்டும் கண்ணைத் திறந்து காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள்.

"இது எங்க அக்கா இல்ல. அவ ரெண்டு தடவ அடிப்பா. யாரும் வரலன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துடுவா. இவ்வளவு நேரம் கெஞ்ச மாட்டா. இது யாரோ ஆபத்துல கூப்பிடுறாங்க."

ஹாலைத் தாண்ட சுவரைப் பிடிப்பவள், விறுவிறுவென்று படிக்கட்டில் இறங்கினாள். பின்னால் நாங்கள்.

கீழ் வீட்டில் புதிதாக ஒரு தம்பதி குடிவந்திருந்தார்கள். பக்கவாதம் வந்த சுந்தரம் சாரும் அவர் மனைவி வசந்தாவும். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. திறந்து உள்ளே ஓடினால், சுந்தரம் சார் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கியது, அக்காவுடைய அதே மாதிரிப் பொத்தான். வசந்தா மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

பாஸ்டரும் நானும் அவரைத் தூக்கிப் படுக்க வைத்தோம். வாய் குழறக் கேட்டார்.

"எவ்வளவு நேரமா அடிக்கிறேன்... யாருக்குமே கேக்கலியா சார்?"

"கேட்டுச்சு சார்" என்றார் பாஸ்டர், தலையைக் குனிந்தபடி. "நாங்க அத விரட்டிக்கிட்டு இருந்தோம்."

வசந்தா திரும்பி வந்து அழுது ஓய்ந்தபின் விஷயம் விளங்கியது. அதே கேம்ப் ரோட்டுக் கடை, அதே மணி. கீழே அழுத்தினால் மேலேயும் கூவும். "இது ரேடியோ அலை. ரெண்டு மணிக்கும் ஒரே அலைவரிசை இருந்தா..." என்று நான் விளக்க ஆரம்பித்தேன். மெர்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாடத்தை அங்கேயே முடித்துக்கொண்டேன்.

மெர்சிக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கடைக்காரரிடம் சொன்னால் வேறு மணி மாற்றித் தருவார். நாங்கள் மாற்றவில்லை. இன்னொரு பொத்தான் வாங்கி மெர்சி கையில் கொடுத்தேன். இப்போது யார் எங்கே அடித்தாலும் இரண்டு வீட்டிலும் குயில் கூவும். சுந்தரம் சாருக்கு நான் இறங்குவேன். மெர்சிக்கு நான் எழுந்திருப்பதற்குள் வசந்தா மேலே வந்துவிடுவார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் போனில் குயில் சத்தம் கேட்டால் தவறாமல் கேட்பான்: "டாடி, சோபா மேல ஏறியாச்சா?"

எப்போதாவது குயில் கூவும். நான் கீழே ஓடிக் கேட்பேன், அவர்கள் அடிக்கவில்லை என்பார்கள். மெர்சியும் அடிக்கவில்லை என்பாள். வேறு யார் வீட்டிலோ அதே மணி வாங்கியிருப்பார்கள். இந்தத் தெருவில் வயதானவர்களுக்கா பஞ்சம்?

ஆனாலும் மெர்சி அக்காவின் அறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். "இதோ வரேங்க்கா." நான் போய் அந்தக் காலிக் கட்டிலருகே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு வருவேன்.