முந்திக்கொண்ட வாழ்த்து

கேட்காமலே உதவ வருபவர்களில் மென்பொருள்காரர்கள்தான் ஆபத்தானவர்கள். நானும் அந்த ரகம்தான்.

ஜெர்மனியின் வால்டோர்ஃபுக்கு வேலைக்கு வந்த புதிதில் பழக்கமானவர் ரெஜினா அக்கா. மன்னார்க்காரர். உடைகளைத் திருத்தித் தைக்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வயதான ஜெர்மானியர்கள். ரயில் நிலையத்தருகே புதிதாக வந்த தையற்கடை அவர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருப்பவர்களைத் தக்கவைக்க, பிறந்தநாள் கார்டு அனுப்பலாம் என்றேன்.

"ஆர் பிள்ளை இருந்து எழுதுறது?"

"யாரும் எழுத வேண்டாம்க்கா. கிளவுட் பாத்துக்கும்."

வாடிக்கையாளர் பட்டியலை ஓர் இணையச் சேவையில் ஏற்றினேன். கார்டை அச்சடித்துத் தபாலில் சேர்க்கும் இன்னொரு சேவையை அதோடு கோத்தேன். பெயர், வயது, கடைசியாகத் தைக்கக் கொடுத்த உடை மூன்றையும் அதுவே எடுத்து வாழ்த்தில் பொருத்திக்கொள்ளும். தபால் தாமதமானால்? பிறந்தநாளுக்கு முன்பே போய்ச் சேரும்படி வைத்தேன். (ஊரில் 'அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே' சொல்பவருக்குத் தனி மதிப்பு.)

முதல் கட்டுக் கார்டுகள் கிளம்பிய பிறகு இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"முந்தியோ? இஞ்ச முந்தி வாழ்த்தினால் ஆள் அந்த நாளைக் காணாது எண்டு நம்புறவை."

"படிச்சவங்களுமா?"

"படிச்சவை சிரிச்சுக்கொண்டு நம்புவினம். திருப்பி எடுக்க ஏலாதோ?"

"தபால்ல போயிடுச்சுக்கா."

எண்பதை எட்டவிருந்த திருமதி வேபர்தான் அக்காவின் முதல் வாடிக்கையாளர். அவர் போகும் கடைக்குத்தான் அவருடைய தேவாலயத் தோழிகள் எல்லோரும் போவார்கள். அவருக்குப் போன கார்டைத் திரையில் திறந்து பார்த்தோம். 'எண்பதாம் பிறந்தநாள் வாழ்த்துகள். உங்கள் கறுப்பு இறுதிச்சடங்கு உடை இப்போது உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என நம்புகிறோம்.'

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

எல்லோரையும் தொலைபேசியில் அழைத்து, 'எங்கள் உறையைப் பிரிக்காதீர்கள்' என்று சொல்லிவிடலாம் என்பதும் என் யோசனைதான். முதலில் எடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "விளம்பரம் என்று பழைய காகிதத் தொட்டியில் போட்டுவிட்டேனே," என்றார். அக்கா என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "பொறுங்கள், எடுத்துப் பார்க்கிறேன்," என்று ஆசிரியர் போய்விட்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். யாருமே படித்திராத கார்டை, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படிக்க வைத்தோம்.

திருமதி வேபர் மட்டும் தொலைபேசியை எடுக்கவே இல்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூடநம்பிக்கையை எதிர்த்துக் கல்லூரி மேடையில் பேசிப் பரிசு வாங்கியவள் நான். அந்த அம்மாவின் பிறந்தநாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு கடையில் போய் உட்கார்ந்தேன். அக்கா ஜெபமாலையும் கையுமாக இருந்தார்.

மதியம் கதவு திறந்தது. திருமதி வேபர். ஒரு கையில் கேக் (இங்கே பிறந்தநாள்காரர்தான் கொண்டுவர வேண்டும்), மறு கையில் கறுப்பு உடை.

"மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கார்டு கிடைத்தது," என்றார். உடையை மேசைமேல் வைத்தார். "இடுப்பில் இன்னும் கொஞ்சம் தளர்வு. பிடித்துத் தைக்க வேண்டும். அவசரமில்லை."

அதன்பின் கார்டு வந்த மற்றவர்களும் கேக்கோடு வந்தார்கள், ஓய்வூதியக்காரர்கள் உயிர்ச் சான்று கொடுக்க வருவதைப் போல. இன்றும் வருகிறார்கள், சும்மா வரக்கூடாதென்று கையில் ஏதாவதொரு கிழிசலும் இருக்கும்.

என் பிறந்தநாளன்று அக்கா அழைத்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பிள்ளை, இருக்கிறீரோ?"

நான் வாய் திறப்பதற்குள் கணவர் போனை வாங்கிவிடுவார். "இருக்காங்கக்கா. இப்ப வாழ்த்தலாம்."