தெற்குப் பள்ளிக்கு வந்துசேர்ந்த இருபத்து மூன்று வரிகள்

மனித குலம் இத்தனை நூற்றாண்டுகளாக முட்டி மோதியும் சாதிக்க முடியாத சமத்துவத்தை, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டெல்பரி பள்ளி மாவட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவே, டோனட் பெட்டி காலியாவதற்குள் சாதித்து முடித்தது.

இந்தப் புரட்சிக்கு வித்திட்டவர் லோரீன் டாக்கெட். தெற்கு உயர்நிலைப் பள்ளியில் பதினாறு வருஷமாக மாணவர் ஆலோசகர். யார் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்வது அவர் வேலை. ஆற்றுக்கு வடக்கே இருந்த பள்ளியில் கல்லூரித் தரத்திலான ‘மேம்பட்ட பாடங்கள்’ இருபத்து நான்கு. தெற்கில் ஒன்று. ஆகவே லோரீனின் ஆலோசனை பெரும்பாலும் “இல்லைம்மா” என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

அந்த வருஷம் ஒடெஸா ப்ரூயிட் என்ற பதினாறு வயதுப் பெண் அதோடு எழுந்து போகவில்லை.

“மிஸ், எனக்குப் பாலம் கட்டுற இன்ஜினியர் ஆகணும். கால்குலஸ் படிக்காம போனா நல்ல காலேஜ் எதுவும் திரும்பிக்கூடப் பாக்காது.”

“இங்க அந்தப் பாடம் இல்லையே கண்ணு.”

“வடக்குல இருக்கே? நடுவுல ஓடுறது ஒரு ஆறுதானே மிஸ், அட்லாண்டிக்கா?”

லோரீனுக்குச் சுருக்கென்றது. அன்றே இரண்டு பள்ளிகளையும் நிர்வகிக்கும் மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் பிரெஸ்காட் வாண்டிவருக்குக் கடிதம் எழுதினார். மாமனிதர் சும்மா இருப்பாரா? ‘சமத்துவப் பணிக்குழு’ உடனே கூடியது.

“கால்குலஸ் சொல்லித்தர ஒரே ஒரு கணக்கு டீச்சர் குடுங்க, போதும் சார்” என்றார் லோரீன்.

“நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க லோரீன். பிரச்சினை டீச்சர் இல்ல, பட்டியல்! வடக்குப் பட்டியல்ல இருபத்து நாலு வரி. உங்களுக்கு ஒரே வரி. எவ்வளவு பெரிய அநியாயம்!”

“அதுக்கு என்ன செய்யறது?”

“இருபத்து மூணு வரி சேத்துடுவோம்.”

எல்லோரும் கை தூக்கினார்கள். ஒருவர் டோனட்டோடு தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

மறுவாரமே சமையல் வகுப்பு ‘மேம்பட்ட வேதியியல்’ ஆயிற்று. பழைய கார்களைப் பிரித்துப்போடும் கொட்டகை ‘மேம்பட்ட இயற்பியல்’. வம்பு செய்த பிள்ளைகளைத் தண்டனையாக உட்காரவைக்கும் அறைக்கு ‘மேம்பட்ட உளவியல்’ என்று புதுப் பலகை மாட்டினார்கள். உள்ளே அதே பிள்ளைகள். கால்குலஸ், ஃபுட்பால் பயிற்சியாளர் டுவேன் பிக்ஸ்பியிடம் ஒப்படைக்கப்பட்டது.

பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். முதல் நாள் கரும்பலகை முழுக்க எக்ஸும் ஓ-வும்.

“கோச், இதுல எக்ஸோட மதிப்பு என்ன?” என்று கேட்டாள் ஒடெஸா.

“நம்ம டீம்லயே ரொம்ப மதிப்பான பையன். எதிர் டீம் ஓ-வை இடிச்சுத் தள்ளிட்டு பந்தோட ஓடணும்.”

“ஓடி?”

“ஓடி என்ன, கோட்டைத் தாண்டினா டச்டவுன்தான்!” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “பொண்ணே, எனக்குக் கால்குலஸ் தெரியாது. அதை வெளியில சொல்லக்கூடாதுன்னு மேலிடத்துலேர்ந்து கடுதாசி வேற வந்திருக்கு.”

நவம்பருக்குள் பதினோரு பேர் வகுப்புக்கு வருவதை விட்டுவிட்டார்கள். பெயர்கள் மட்டும் வகுப்புப் பட்டியலை விட்டு நகரவில்லை. சமத்துவம் அவற்றைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தது.

ஒடெஸாவையாவது வடக்குக்கு மாற்றிவிட லோரீன் மனுப் போட்டார். வாண்டிவர் பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அவ போயிட்டா, தெற்குல கால்குலஸ் வகுப்புக்கு வர்றவங்க எத்தனை பேர்?”

“ஒருத்தரும் இல்ல சார்.”

“பாத்தீங்களா? அப்புறம் சமத்துவம் என்ன ஆகறது?”

போனை வைத்துவிட்டு லோரீன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. பிறகு ஒரு பழைய கால்குலஸ் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, தினமும் மதிய இடைவேளையில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒடெஸாவோடு உட்கார்ந்தார். பிக்ஸ்பியும் சாண்ட்விச்சோடு வந்து சேர்ந்துகொண்டார். பெரியவர்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் தானே படித்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

“எனக்கு விளங்கலைன்னா உனக்கே சரியா விளங்கலைன்னு அர்த்தம்” என்பார் பிக்ஸ்பி, வாய் நிறையச் சாண்ட்விச்சோடு. “இன்னொரு வாட்டி சொல்லு.”

மே மாதம் நாடு முழுக்க நடந்த கால்குலஸ் தேர்வில் அவளுக்கு உச்ச மதிப்பெண், ஐந்துக்கு ஐந்து.

மாவட்டம் விழா எடுத்தது. வாண்டிவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “கணக்கு டீச்சரே இல்லாம ஐந்துக்கு ஐந்து! ஆகவே, தெற்குப் பள்ளி கேட்டிருந்த கணக்கு ஆசிரியர் பணியிடம் இனித் தேவையில்லைன்னு மகிழ்ச்சியோட அறிவிக்கிறேன்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. கதவைச் சாத்திக்கொண்டு லோரீன் செய்த நல்ல காரியம், அடுத்து வரப்போகும் அத்தனை பிள்ளைகளுக்கும் கதவைச் சாத்திவிட்டது. பக்கத்து நாற்காலியில் பிக்ஸ்பி தலையைக் குனிந்துகொண்டார்.

“சொல்லும்மா, உன் வெற்றியோட ரகசியம் என்ன?” வாண்டிவர் ஒலிபெருக்கியை ஒடெஸாவிடம் நீட்டினார்.

“என்கிட்ட கேட்டா எப்படி சார்? பன்னிரண்டு பேர் சேந்தோம். மிச்சம் பதினோரு பேர் உங்க பட்டியல்ல இன்னும் இருக்காங்க. அவங்களை மேடைக்குக் கூப்பிட்டு, கால்குலஸ்னா என்னன்னு கேளுங்க” என்றாள் அவள். “நீங்க சொல்லிக் குடுத்ததை ஒரு எழுத்து விடாம கத்துக்கிட்டவங்க அவங்கதான்.”