நான் பிடித்த துறைமுகம்

நான் இதுவரை நான்கு போர்களை நடத்தியிருக்கிறேன். எல்லாமே சிவகாசியில், என் அச்சகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி. துப்பாக்கியைத் தொட்டதில்லை. டிவி ரிமோட்டை மட்டும் யாரிடமும் கொடுத்ததில்லை. அதில் மூன்று போர்களை ஜெயித்துவிட்டேன். நான்காவதில் அச்சங்குளத்தில் வைத்துப் படுதோல்வி. என்னைத் தோற்கடித்தவர் என் மச்சானின் மனைவி, கையில் மோர்த் தூக்கோடு வந்தவர்.

நான் பழைய ஆள். நாடு, கோயில், குடும்பம் மூன்றையும் கிண்டல் செய்கிறவனோடு உட்கார்ந்து டீ குடிக்க மாட்டேன். சாமி படத்தைப் பட்டாசு டப்பாவில் போட்டு எரிக்கக் கூடாது என்று சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கே போய் மனு கொடுத்தவன். (லட்சுமி படம் போட்ட லேபிள் ஆர்டர் ஒன்றைத் திருப்பியும் அனுப்பினேன். பக்கத்து அச்சகத்துக்காரர் அதைச் சந்தோஷமாக வாங்கி அடித்துக் கொடுத்தார்.)

போர்ச் செய்தி விஷயத்தில் எனக்கென்று ஒரு கொள்கை இருந்தது. ‘கூறப்படுகிறது’, ‘இன்னும் உறுதி செய்யப்படவில்லை’ என்றெல்லாம் எழுதுகிற பத்திரிகை எனக்கு ஆகாது. நம் நாட்டு வெற்றியை எழுத எதற்கு இந்த இழுவை? கல்யாண வீட்டு மைக்கில், “மாப்பிள்ளை என்று கூறப்படுபவர் மேடைக்கு வரவும்” என்றா சொல்கிறோம்? இந்தக் கோபத்தில், பல வருடமாக வாங்கி வந்த பேப்பரை நிறுத்திவிட்டு முழுக்க முழுக்க டிவிக்கு மாறினேன். அந்தச் சேனலில் எப்போதும் சைரன் ஒலிக்கும். செய்தி வாசிப்பவர் என்னைவிடக் கோபமாக இருப்பார். வேறென்ன வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் எல்லையில் சண்டை மூண்டது. மச்சான் மகன் குமரேசன் ராணுவத்தில் வண்டி மெக்கானிக். சண்டை தொடங்கியதிலிருந்து மூன்று நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. அவன் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா டிவியின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவிட்டார். சாப்பாடும் பேருக்குத்தான். தட்டில் போட்டது அப்படியே இருக்கும் என்று மச்சான் சொன்னார்.

மச்சானுக்கு அச்சங்குளத்தில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. அந்த சீசனுக்குப் புதிதாக முப்பது ஷாட் வெடிக்கிற பெட்டி ஒன்றைச் செய்திருந்தார். வியாழக்கிழமை மதியம் டீலர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் வெடித்துக் காட்ட வேண்டும். பெயரும் லேபிளும் என் பொறுப்பு. எங்கள் பக்கம் பட்டாசுக்குப் பெயர் வைப்பவன் காலையில் செய்தி பார்த்துவிட்டுத்தான் வைப்பான். ராக்கெட் நிலாவுக்குப் போனால் நிலா வெடி, கிரிக்கெட்டில் ஜெயித்தால் கோப்பை வெடி. அந்த வருடம் மச்சான் மட்டும் அடக்கமாக ‘மயில் தோகை’ என்றார். நானும் மயிலை அடிக்கத் தொடங்கியிருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் டிவியில் எதிரியின் துறைமுகம் விழுந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கப்பல்கள் எரிகின்றன. நம் படை உள்ளே புகுந்துவிட்டதாகச் சேனலே அலறுகிறது. இந்த நேரத்தில் போய் மயிலா? மிஷினை நிறுத்தச் சொன்னேன். நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புது லேபிள் செய்தேன். பின்னால் கொழுந்துவிட்டு எரியும் துறைமுகம். மேலே தீப்பிழம்பு எழுத்தில் ‘துறைமுகம் காலி’. நடுவில், எரியும் கப்பலின் மேல் கால் வைத்தபடி, யூனிபார்மில் எங்கள் குமரேசன். (அவன் டிரெயினிங் முடித்தபோது எடுத்த போட்டோ. கால் மட்டும் வேறு யாருடையதோ.)

கையில் தேசியக் கொடி கொடுக்கலாமா என்று யோசித்தேன். உடனே சுதாரித்துக்கொண்டேன். பெட்டியைக் கொளுத்தினால் கொடி எரியுமே! என் தேசபக்தியை நானே மெச்சிக்கொண்டு கொடியை எடுத்துவிட்டேன். கொடி எரியும் என்று யோசித்த மூளைக்கு, மருமகன் எரிவான் என்று தோன்றவில்லை.

“அந்தப் பிள்ளை எங்கன இருக்கான்னு அவன் ஆத்தாளுக்கே தெரியல. உங்களுக்கு யார் சொன்னா?” என்று என் மனைவி கேட்டாள்.

“டிவில சொல்றான்ல. படை போயிருக்குன்னா அதுல நம்ம பையனும்தான இருப்பான்?”

“படைன்னா என்ன, பஸ்சா? எல்லாரும் ஒண்ணா ஏறிப் போறதுக்கு?”

போர்க்காலத்தில் கேள்வி கேட்பதே தவறு என்பது என் இன்னொரு கொள்கை. அதனால் போனை எடுத்தேன். ‘துறைமுகத்தைப் பிடித்த படையில் நம் குமரேசன்!’ என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லேபிளையும் போட்டுவிட்டேன். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மதியம் கம்பெனிக்கு வெளியே பொட்டல் வெளியில் ஏழெட்டு டீலர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். லேபிள் ஒட்டிய பெட்டியைப் பார்த்ததும் மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அருமையா இருக்கு மாப்ளே. இவளுக்குச் சொல்லல. நேர்ல பாத்துச் சந்தோஷப்படட்டும்” என்றார். (ஆக, முட்டாள் நான் ஒருவன் மட்டுமில்லை.)

பெட்டியை மைதானத்தின் நடுவில் வைத்தோம். மச்சான் ஊதுபத்தியைப் பற்றவைத்துக்கொண்டு போனார். அப்போதுதான் அக்கா டீலர்களுக்கு மோர் கொண்டுவந்தார். மதுரை டீலர் என்னிடம், “படத்துல யாருங்க?” என்று கேட்டார். நான் மைக் இல்லாத குறையே தெரியாமல் முழங்கினேன்.

“நம்ம ஓனர் மகன்தான்! துறைமுகத்துக்குள்ள புகுந்து தீ வச்ச படை! இந்நேரம் அந்தத் தீக்குள்ளதான் நிக்கிறான், சிங்கம்!”

மோர்த் தூக்கு கீழே விழுந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். மகன் முகம், சுற்றிலும் தீ, பக்கத்தில் ஊதுபத்தியோடு குனிந்து நிற்கும் புருஷன்.

“ஏங்க! எம்பிள்ளையவா பத்த வைக்கப் போறீக?”

அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடிய ஆளை நான் பார்த்ததில்லை. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பொட்டலில் உட்கார்ந்துவிட்டார்.

“அடியே, அதுல மருந்து இருக்குடீ! கீழ வையி!” என்று கத்திய மச்சான், ஊதுபத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னோக்கியே நடந்தார். டீலர்களும் நாற்காலியோடு நகர்ந்தார்கள்.

“எவனாச்சும் கிட்ட வாங்க பாப்போம்!” என்றார் அக்கா. பிறகு குரல் உடைந்து என்னிடம் கேட்டார்: “தம்பி, நெசமாவே அந்தத் தீக்குள்ளயா நிக்கான்?”

என் ஆயுளில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு எதுவுமே தெரியாது என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. ‘கூறப்படுகிறது அக்கா’ என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அப்போது என் போன் அடித்தது. குமரேசன்! அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டேன்.

“மாமா, கிறுக்கு பிடிச்சிருச்சா உங்களுக்கு? இப்பதான் டவர் கெடச்சுது. குரூப்பத் தொறந்தா எம்மூஞ்சிய பட்டாசுல போட்டு வச்சிருக்கீக! கூட இருக்கிறவன்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.”

“துறைமுகம்…” என்றேன்.

“நான் இருக்கிற இடத்துல குளிக்கவே தண்ணி இல்ல மாமா, கடலுக்கு எங்க போக? லாரிக்கு அடியில படுத்துக் கெடக்கேன். அம்மாட்ட குடுங்க.”

அக்கா பெட்டியை விடாமலே போனை வாங்கினார். மூன்று நாளாகச் சேர்த்து வைத்ததில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

“சாப்பிட்டியாலே?”

“சாப்பிட்டேன். நீ?”

“ம், சாப்பிட்டேன்” என்று அக்கா துணிந்து பொய் சொன்னார். அந்த வாரத்தில் நான் கேட்ட பொய்களிலேயே நல்ல பொய் அது ஒன்றுதான். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. வெடிமருந்துத் தூசி என்று டீலர்களிடம் சொன்னேன். வெடிதான் இன்னும் வெடிக்கவே இல்லையே என்றார் மதுரை டீலர்.

மறுநாள் டீக்கடையில் நான் நிறுத்திய அதே பேப்பரைக் கடன் வாங்கிப் படித்தேன். துறைமுகம் விழுந்ததாக வந்த தகவலை யாரும் உறுதி செய்யவில்லை என்று உள்பக்கத்தில் நாலு வரி. சேனலோ அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் வேறொரு ஊரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்றும் நான் பழைய ஆள்தான். அரசியலில் என் ஓட்டு மாறவில்லை. ஆனால் ராணுவமே சொல்லாத வெற்றியை ராணுவத்தின் பெயரால் கத்துவது தேசபக்தி ஆகாது, லேபிள் அடிக்கிற வேலைதான் என்பது புரிந்தது. அதைத் தொழிலாகச் செய்கிற நான் சொல்கிறேன், நம்பலாம். வெடி கடைசியில் மயிலாகவே கடைக்குப் போனது.

எங்கள் குடும்பத்தில் இப்போது யார் எதை அளந்துவிட்டாலும், “இது நெசமா, துறைமுகமா?” என்றுதான் கேட்கிறார்கள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். குமரேசன் லீவு முடிந்து மறுபடி எல்லைக்குப் போயிருக்கிறான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அக்காவின் பட்டன் போனிலிருந்து எனக்கு அழைப்பு வருகிறது.

“என்ன தம்பி, இன்னைக்கு எந்த ஊரு விழுந்துச்சு?”

பின்னால் மச்சான் சிரிப்பது கேட்கும். அக்கா மட்டும் சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருப்பார்.

“எல்லா ஊரும் இருந்த இடத்துலதான் இருக்கு அக்கா. பேப்பர்லயும் பாத்துட்டேன்.”

“சரி, அப்ப நான் சாப்பிடுறேன்” என்று போனை வைப்பார்.