கதவுக்குப் பின்னால் இருந்த வாளி

தோள்பட்டையில் யாரோ ஆணி அடித்து, அதில் ஈரச் சட்டையை மாட்டிவிட்டுப் போன மாதிரி வலித்தது பெயிண்டருக்கு. ஒரு வாரம் அண்ணாந்து நின்று, பெயிண்டுக்கு முன்னால் மேடுபள்ளத்தை அடைக்கும் பட்டித் தூளைக் குழைத்துக் கூரைக்குப் பூசிய பலன். வலது கை காதுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்றது. தலையை இடது கையால் வாரியதில் வகிடு கோணிக்கொண்டு போயிருந்தது.

பாயில் சாய்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது தையல் கம்பெனியிலிருந்து பெண்டாட்டி போன் செய்தாள்.

"என்னங்க, ஓவர்டைம் போட்டுட்டாங்க. நான் வர நேரமாகும்."

"சரி வா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

"மாடி வீட்டம்மாவுக்கு டீ நேரத்துக்கு டோனட் கொண்டாறேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். பழமெல்லாம் போட்டு பிசைஞ்சு மூடி வெச்சிருக்கேன். தட்டி, நடுவுல ஓட்டை போட்டு, எண்ணெயில போட்டு எடுத்துக் கொண்டுபோங்க."

"நானா?"

"இல்ல, மதில் மேல படுத்திருக்கற பூனை. உங்க வேலைக்குத்தானே இத்தனையும்?"

போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரிதான். மாடி வீட்டம்மா புதிதாக எழுப்பியிருக்கும் மேல்தளம் முழுக்கப் பட்டியும் பெயிண்டும் அடிக்க ஆள் வேண்டும். கீழே குடியிருக்கும் பெயிண்டருக்குப் படியேறினால் வேலை. "முன்னறைச் சுவர் ஒண்ணுல பட்டி போட்டுக் காட்டு, பார்த்துட்டு சொல்றேன்" என்றிருந்தாள். போன வாரம் போட்டுக் காட்டிவிட்டான். பதில் இன்றைக்கு. மாடி வீட்டம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால், திங்கட்கிழமை டவுனில் உயரக் கட்டடத்தின் வெளிச்சுவரில் கயிற்றுப் பலகையில் தொங்க வேண்டும். சீப்பைத் தூக்க முடியாத கையை வைத்துக்கொண்டு கயிற்றை எப்படிப் பிடிப்பது?

எழுந்து போய்ப் பாத்திரத்தைத் திறந்தான். கனிந்த வாழைப்பழமும் ஆப்பிள் துண்டுகளும் காலையிலிருந்து தண்ணீர் விட்டு, மாவு கூழாகக் கிடந்தது. ஒன்றை எண்ணெயில் விட்டுப் பார்த்தான். அது படர்ந்து, கரையெல்லாம் அரித்துப்போன ஒரு தீவு மாதிரி மிதந்தது. ஓட்டை போட வேண்டிய அவசியமே இல்லை. எங்கெங்கும் ஓட்டை.

பெயிண்டர் அசரவில்லை. இளகின சரக்கை இறுக்குவது அவன் தொழில். தண்ணீர் கூடிவிட்டால் தூள் போடு, தூள் கூடிவிட்டால் தண்ணீர் விடு. உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

மாவைத் தேடினான். அந்த வீட்டில் பெயிண்ட் வாளி இல்லாத மூலை கிடையாது. அவன் காலி செய்து கொண்டுவருவான், அவள் கழுவிக் கவிழ்ப்பாள். ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்றில் சோப்புத்தூள், ஒன்றில் அழுக்குத் துணி. கதவுக்குப் பின்னால் இருந்த வாளியைத் திறந்தான். வெள்ளை வெளேரென்று மெல்லிய தூள். அள்ளிப் போட்டான்.

இறுகிவிட்டது. பால் விட்டான். இளகிவிட்டது. இன்னும் அள்ளிப் போட்டான். பாத்திரம் கொள்ளவில்லை. அண்டாவுக்கு மாற்றினான். மாவு அதிகமாகிப் பழம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"ஜல்லி இல்லாம எது நிக்கும்?" என்று சொல்லிக்கொண்டு, கூடையில் இருந்த ஆப்பிள் எல்லாவற்றையும் நறுக்கிக் கொட்டினான். அது மறுபடி தண்ணீர் விட்டது. மறுபடி வாளி.

போன் அடித்தது.

"என்னங்க, ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு. கொஞ்சம் தளர்வா இருந்துச்சு, ஒரு பிடி மாவு சேத்தேன்."

"ஒரு பிடிதானே?"

"ஒரு பிடிதான்" என்றவன், அவள் போன் வழியாகப் பார்த்துவிடுவாள் போல, அண்டாவைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினான். அண்டாவில் மாவு ஈஸ்ட்டின் புண்ணியத்தில் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தது.

பிளாஸ்டிக் பைப் துண்டு ஒன்றைக் கழுவி ஓட்டை போட்டான். மேலே மேடும் பள்ளமுமாக இருந்தது அவன் கண்ணை உறுத்தியது. உறை பிரிக்காத பட்டித் தகடு ஒன்று இருந்தது. அதை எடுத்து ஒவ்வொரு டோனட்டையும் இழுத்து வழித்துச் சமன் செய்தான். முதல் ஈடு வெளியே கரி, உள்ளே களி. தீயைக் குறைத்தான். அடுத்த ஈடு எண்ணெயைக் குடித்துக் கனத்தது. அதற்கடுத்தது பொன்னிறமாக உப்பி எழுந்து வந்தபோது அவனுக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. ருசிபார்க்க ஒன்று தின்றான். நம்பிக்கை வராமல் இன்னொன்றும் தின்றான். கடைசியில் சர்க்கரைப் பொடியை ஒரு கோட் அடித்து, தட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறினான்.

முன்னறையில் மாடி வீட்டம்மாவின் கணவர், பெயிண்டர் பட்டி போட்ட அந்தச் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் டிக்கெட்டில் தேதியைப் பார்ப்பது போலவே பார்ப்பார். பேசுவது கிடையாது. சுவரில் போய்க்கொண்டிருந்த எறும்பு ஒன்றைக் கட்டைவிரலால் நசுக்கினார்.

"ஒரு வாரமா இந்த எறும்புத் தொல்லை தாங்கல" என்றாள் மாடி வீட்டம்மா.

"மழை வரும்போல இருக்கும்மா."

அவள் ஒரு டோனட்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். கண்ணை மூடினாள்.

"யார்யா செஞ்சது?"

"நான்தாம்மா. ஏதாச்சும்..."

"பிரமாதம்!"

இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவது போகிற போக்கில் போனது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய்ச் சுவரைத் தடவினாள்.

"இதுவும் குறை சொல்றதுக்கில்ல. குழந்தை கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கு."

பெயிண்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தப் பட்டிச் சரக்கு அப்படிம்மா. அன்னிக்கு கரண்ட் இல்ல, இருட்டுல கண்ணை மூடிட்டுக் குழைச்சேன். பசை மாதிரி புடிச்சுது பாருங்க! இத்தனை வருஷத்துல அப்படி ஒரு சரக்கை நான் தொட்டதில்ல. இன்னும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கேன். அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கற வாளி..."

திறந்த வாய் மூடவில்லை.

கதவுக்குப் பின்னால் இருக்கும் வாளி.

அதிலிருந்துதானே இன்றைக்கு மாவை அள்ளி அள்ளிப் போட்டான்! மாடி வீட்டம்மா நான்காவதைக் கடித்தாள். பெயிண்டர் பாய்ந்து தட்டைப் பிடுங்கினான்.

"போதும்மா!"

"என்னய்யா போதும்? நீ கொண்டாந்தது, நான் திங்கறேன்."

"வயித்துக்கு ஆகாதும்மா. சூடு."

"என் வயித்துக்கு எது ஆகும்னு எனக்குத் தெரியும். தட்டை விடு!"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அந்த அவசரத்தில் வாயில் இருந்ததை அப்படியே விழுங்கியதில் அவளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

"தண்ணி... ஹிக்... தண்ணி எடு."

பட்டி தண்ணீர் பட்டால் இறுகும். சீக்கிரத்தில் கல்லாகும். அதற்கப்புறம் உப்புத்தாள் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். எங்கே போய்த் தேய்ப்பது?

"தண்ணி வேண்டாம்மா!" சொம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாகக் கவிழ்த்தான். கீழே பூனை அலறியது.

"அடப்பாவி! விக்கல்ல சாகறேன்... ஹிக்... தண்ணியைக் கொட்டறியே!"

"உக்காராதீங்கம்மா! நடங்க! குலுக்கிட்டே இருந்தா இறுகாது!"

"எது இறுகாது?"

"நடங்கம்மா, அப்புறம் சொல்றேன்!"

அவன் முகத்தில் இருந்த பீதியைப் பார்த்து மிரண்டு அவள் நடந்தாள். இரண்டு டோனட் தன் வயிற்றிலும் இருப்பது நினைவுக்கு வந்ததும் பெயிண்டரும் நடந்தான். சோபாவைச் சுற்றி அவள் முன்னால், அவன் பின்னால். ஹிக் ஹிக் என்ற தாளத்துக்குத் தகுந்த நடை. கணவர் நாற்காலியை லேசாக நகர்த்தி வழிவிட்டார்.

அப்போதுதான் பெயிண்டரின் பெண்டாட்டி உள்ளே வந்தாள். புருஷன் அடுப்படியில் நிற்கிறான் என்ற நினைப்பிலேயே விரலில் ஊசி குத்திக்கொண்டு, ஓவர்டைமைப் பாதியில் விட்டு ஓடி வந்திருந்தாள்.

"என்னங்க இது கூத்து?"

"உன் புருஷனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. தண்ணி... ஹிக்... தர மாட்டேங்கறான்!"

பெயிண்டர் நின்றான். இனி மறைத்துப் பயனில்லை. வேலை போனால் போகிறது, ஓர் உயிராவது மிஞ்சட்டும்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா. மாவுன்னு நினைச்சுப் பட்டியைப் போட்டுட்டேன். இதோ, இந்தச் சுவத்துக்குக் குழைச்சேனே, அதே வாளி. அதே தூள்!"

மாடி வீட்டம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தாள்.

"ஐயோ! அதான் கனமா இருக்கே! உள்ள இறுகுதே! டாக்டரைக் கூப்பிடுங்க!"

"எந்த வாளி?" என்றாள் பெண்டாட்டி.

"கதவுக்குப் பின்னாடி இருக்கறதுதான்!"

"அட கிறுக்கு மனுஷா! அது மைதா. சர்க்கரைப் பொடி கலந்து நான் எடுத்து வெச்ச மைதா. உங்க பட்டி வாளியைப் போன மாசமே மாடிப்படிக்கு அடியில தள்ளிட்டேனே. சாப்பிடற எடத்துல தூசி பறக்குதுன்னு."

"மைதாவா?"

"மைதாதான்."

பெயிண்டர் தரையில் உட்கார்ந்துவிட்டான். மாடி வீட்டம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். விக்கல் நின்றது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்து, பிடுங்கிய தட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயத்துல என் உயிரே போச்சு. சரி, உண்மையை ஒளிக்காம சொன்னே பாரு, அதுக்காகவே சொல்றேன். நாளைக்கே மேல்தளத்துல வேலையை ஆரம்பி."

பெயிண்டர் கும்பிட்டான். வலது கை தலைக்கு மேலேயே போய்விட்டது. வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

கணவர் எழுந்தார். சுவருக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எறும்பு வரிசையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நகத்தால் சுவரைச் சுரண்டி, நாக்கில் வைத்து, நிதானமாகச் சப்பினார். பிறகு பெயிண்டர் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினார்.

"இனிப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு, பெயிண்டர். ஆனா நீ எங்களுக்கு ஒரு சுவர் பாக்கி."